கம்மி காசுல எடுத்த பழைய குங்ஃபூ காமெடி படங்கள்: நீங்க எங்க பாத்தீங்க, யார்கூட பாத்தீங்க?

பழைய ரீல்:

எழுபதுகள் கடைசில ஹாங்காங்ல வந்த குங்ஃபூ காமெடி படங்களைப் பத்தி யாராவது பேசுனா "அட அந்த சீப்பான சைனா படமா"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும். அதனால உங்க அனுபவத்தை எழுதுங்க, நானே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும்.

1991 பொங்கல், கரிநாள் ராத்திரி. எங்க ஊரு செய்யாறு பக்கம். தெருவுல காசு வசூல் பண்ணி டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் போடுவாங்க, ரெண்டு தமிழ்ப் படம், மூணாவதா கேசட் கடைக்காரரு கைக்கு வந்தது எதுவோ அது. அன்னைக்கு வந்தது டிரங்கன் மாஸ்டர். மணி ரெண்டரை இருக்கும், பொம்பளைங்க தூங்குற புள்ளைங்கள தோள்ல போட்டுக்கிட்டு போயாச்சு, மிச்சம் நாங்க அஞ்சாறு பசங்களும் எங்க தாத்தாவும்தான். தாத்தாவுக்கு ராத்திரி முழிப்பு ஒரு விஷயமே இல்ல, நாப்பது வருஷம் தெருக்கூத்து ஆடுனவரு, துரியோதனன் வேஷம் கட்டுவாரு, உடம்பு தளந்ததுக்கு அப்புறம் கட்டியங்காரனா (கூத்துல கதைய அறிமுகம் பண்ணி சிரிக்க வெக்கிறவரு) வந்தாரு.

படம் இங்கிலீஷ்ல ஓடுது, வாய் ஒரு பக்கம் போகுது பேச்சு ஒரு பக்கம் போகுது, எங்களுக்கும் புரியல அவருக்கும் புரியல. ஜாக்கி சான் அடி வாங்குறப்போ நாங்க சிரிச்சோம், தாத்தா சும்மா பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் அந்த செவந்த மூக்கு கிழவரு வந்தாரு, கிழிஞ்ச துணி, நரைச்ச முடி, இடுப்புல குடுவை. தள்ளாடிக்கிட்டு விழப்போற மாதிரி சாயுறாரு, ஆனா விழல, சாஞ்ச இடத்துலயே ஒரு கால் வந்து தாங்குது, அந்தக் கால் எப்ப வந்துச்சுன்னே தெரியல. தாத்தா போர்த்தியிருந்த போர்வைய விலக்கிட்டு முன்னாடி வந்து உக்காந்தாரு. "டேய், நிறுத்தி திரும்பப் போட சொல்லு"ன்னாரு. டெக் பையன் "ஹெட்டு போயிடும் பெருசு"ன்னு முனகிக்கிட்டே ரீவைண்டு பண்ணான். ரெண்டாவது தடவை பாத்துட்டு சொன்னாரு, "குடிகாரன் இப்படி நடந்தா எப்பவோ விழுந்திருப்பான்டா. இந்தாளு கூத்தாடி. கால் வெக்கிறத பாரு, அடவு இருக்கு."

அதுக்கப்புறம் சண்டை வரும்போதெல்லாம் அவரு விரல் பெஞ்சு பலகைல தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், இன்னைக்கும் காதுல இருக்கு. அடி விழுற இடத்துல சரியா அவரு தட்டு விழுது. நாலஞ்சு அடி வேகமா போகுது, டக்குனு ரெண்டு பேரும் அப்படியே ஒரு நிலைல நிக்குறாங்க, தாத்தா விரலும் நிக்குது, மறுபடி ஆரம்பிக்குது. பாஷை தெரியாத படத்துக்கு அவரு கண்டுபிடிச்ச உள் கணக்கு அது.

ரொம்ப வருஷம் கழிச்சு படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், அவரு சொன்னது அப்படியே உண்மை. அந்தக் கிழவரு யுவென் சியூ-தியென், பீக்கிங் ஆப்பரால (பாட்டு, ஆட்டம், குட்டிக்கரணம், சண்டை எல்லாம் சேந்த சைனாக்காரங்க கூத்து) இருந்து வந்தவரு, படத்தோட டைரக்டர் யுவென் வூ-பிங் அவரோட சொந்தப் புள்ள (1999ல மேட்ரிக்ஸ் படத்துக்கு சண்டை அமைச்சாரே, அவரேதான்). ஜாக்கி சானும் ஏழு வயசு வாக்குல ஹாங்காங்ல ஒரு ஆப்பரா பள்ளிக்கூடத்துல சேந்து பத்து வருஷம் அடியும் உதையும் வாங்கி கத்துக்கிட்டவரு, சாம்மோ ஹங், யுவென் பியாவ் எல்லாரும் அதே வாத்தியாருகிட்ட படிச்ச பசங்க. கத்துக்கிட்டு வெளிய வந்தா ஆப்பரா பாக்க ஆளு கொறைஞ்சு போச்சு, வேற வழியில்லாம சினிமால ஸ்டண்ட் பண்ண போனாங்க. எங்க தாத்தா கூட ஆடுனவங்க பாதி பேரு கடைசில செங்கல் சூளைக்குப் போனாங்க, அதனால இதைப் படிச்சப்போ எனக்கு என்னமோ பண்ணுச்சு.

காசு இல்லாததுதான் இந்தப் படங்களுக்கு பலம்னு நான் நம்புறேன். பெரிய செட் கெடையாது, ஒரு முற்றம், ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னாடி ஒரு பொட்டல் மலை. ஷூட்டிங்ல சத்தமே பதிவு பண்ண மாட்டாங்க, எல்லாம் பின்னாடி டப்பிங்தான், கை வீசுற அந்த விஷ்க் விஷ்க் உட்பட. கேமராவ கொஞ்சம் மெதுவா ஓட்டி எடுத்து வேகமா காட்டுறதும் உண்டு, அத நான் மறைக்கல. ஆனா தலைலேர்ந்து கால் வரைக்கும் முழு ஆளும் தெரியுற மாதிரி கேமராவ தள்ளி வெச்சு, வெட்டாம பதினைஞ்சு இருபது அசைவு ஒரே ஷாட்ல காட்டுவாங்க. அங்க ஏமாத்த முடியாது. தெரிஞ்சவன் மட்டும்தான் நிக்க முடியும்.

---

காலாங் காத்து:

நான் சிங்கப்பூர்ல வளர்ந்தவ. எங்க மாடில பக்கத்து வீட்டுல ஒரு சைனீஸ் பாட்டி, நாங்க போ போன்னு கூப்பிடுவோம், கான்டனீஸ்ல பாட்டின்னு அர்த்தம், அவங்க பேசுறது அந்த பாஷைதான். 1979ல அரசாங்கம் மாண்டரின் பேசுங்கன்னு இயக்கம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் டிவில ஹாங்காங் நாடகத்தை எல்லாம் மாண்டரின்ல மாத்திட்டாங்க, அந்தப் பாட்டிக்கு அவங்க பாஷையே டிவில கேக்காம போச்சு. அதனால விசிடி வந்தப்போ பழைய கான்டனீஸ் படமா வாங்கி அடுக்கி வெச்சிருந்தாங்க, நான் ஸ்கூல் விட்டு வந்தா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு போடுவாங்க.

எனக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்கு தமிழ் சுத்தமா தெரியாது, ரெண்டு பேரும் உடைஞ்ச மலாய்ல பேசிக்குவோம். ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ எத்தனை தடவை பாத்திருப்போம்னு கணக்கே இல்ல. அதுலயும் ஜாக்கியும் நீங்க சொன்ன அதே கிழவரும்தான், கிழவரு சோத்துக் கிண்ணத்தை வெச்சுக்கிட்டு ஜாக்கிக்கு போக்கு காட்டுவாரே, அந்தக் காட்சி வர்றதுக்கு முன்னாடியே பாட்டி சிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க, மேசைல இருக்குற பிஸ்கட் டப்பாவ எங்கிட்டேர்ந்து அதே மாதிரி நகர்த்தி நகர்த்தி விளையாடுவாங்க. எழுபது வயசு அவங்களுக்கு.

அவங்க சொல்லிக் குடுத்த ஒண்ணு. படத்துல சிஃபூ சிஃபூன்னு கூப்பிடுறாங்கல்ல, அது குங்ஃபூ குருவுக்கு மட்டும் இல்லையாம், பைப் ரிப்பேர் பண்ண வர்றவரும் சிஃபூ, பஸ் ஓட்டுறவரும் சிஃபூ. கைத்தொழில் தெரிஞ்ச யாரா இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடணுமாம். அதுக்கப்புறம் இந்தப் படங்கள்ல குரு ஏன் எப்பவும் பிச்சைக்காரரா, சமையல்காரரா, சண்டித்தனம் பண்ற கிழவரா வர்றாருன்னு எனக்கு ஒரு மாதிரி புரிஞ்சிடுச்சு.

---

மூணாவது வரிசை:

எங்கப்பா ஒரு சின்ன ஊரு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தாரு, பேரு வேணாம். ஞாயித்துக்கிழமை காலைக்காட்சி எப்பவும் இங்கிலீஷ் படம், அதுல பாதி ஹாங்காங் படம்தான், எங்க ஊருல எல்லாத்துக்கும் கராத்தே படம்னு ஒரே பேரு. பிரிண்ட் பத்து ஊரு சுத்தி எங்க ஊருக்கு வரும்போது மழை பேயுற மாதிரி கோடா இருக்கும்.

எனக்கு நடந்தது என்னன்னா, டிரங்கன் மாஸ்டர் ஓடுன அன்னைக்கு, மேட்னி தமிழ்ப் படத்துக்கு நேரம் பத்தலன்னு முதலாளி ஒரு ரீல விட்டுட்டு ஓட்ட சொல்லிட்டாரு. விட்டது எது தெரியுமா, ஹீரோ பயிற்சி எடுக்குற ரீலு! அதனால நாங்க பாத்த படத்துல ஜாக்கி சான் வில்லன்கிட்ட அடி வாங்கி மண்ணுல கெடக்குறாரு, அடுத்த காட்சில அதே ஆளு சிங்கம் மாதிரி வந்து வெளுக்குறாரு. தியேட்டர்ல விசில் பறந்துச்சு. எனக்கு மட்டும் ஏதோ ஒண்ணு ஒட்டல, வீட்டுக்கு வந்து "எப்படிப்பா திடீர்னு பலம் வந்துச்சு"ன்னு கேட்டேன், அப்பா பதில் சொல்லாம சாப்பிட்டாரு. தன் கையால ஒரு ரீல விட்டது அவருக்கு உறுத்தியிருக்கு, அது பின்னாடிதான் எனக்கு தெரிஞ்சுது.

இருபது வருஷம் கழிச்சு டிவிடில அந்தக் காட்சிய பாத்தேன். கம்பத்துல முழங்காலை மடக்கி தலைகீழா தொங்கிட்டு, கீழ இருக்குற வாளித் தண்ணிய குட்டிக் குட்டி கிண்ணத்துல மொண்டு, வயித்தை மடக்கி எழுந்து மேல இருக்குற வாளில ஊத்தணும். ஒரு வாளி. அந்தச் சின்னக் கிண்ணத்தால. அவரு வயித்து நரம்பு இழுக்குறது தெரியுது, மூஞ்சில ரத்தம் ஏறி செவக்குறது தெரியுது. கிழவரு பக்கத்துல உக்காந்து ஜாலியா குடிச்சிக்கிட்டு இருக்காரு. சிரிப்பும் வருது, வலிக்கவும் செய்யுது. இந்தப் படங்களோட உயிரே அந்த ரீல்தான்னு அன்னைக்கு தோணுச்சு, சண்டை எல்லாம் அந்த வாளி நெறைஞ்சதுக்கு கெடைச்ச கூலி.

1973ல புரூஸ் லீ செத்ததுக்கு அப்புறம் வர்றவன் போறவன் எல்லாம் அவரை மாதிரியே மொறைச்சுக்கிட்டு நடிச்சான், ஜாக்கியையும் அப்படித்தான் நடிக்க வெச்சாங்க, ஓடல. 1978ல சீசனல்ங்கிற சின்ன கம்பெனி அவரை ரெண்டு படத்துக்கு இரவல் வாங்கி ஒரே வருஷத்துல ரெண்டையும் ரிலீஸ் பண்ணுச்சு, ரெண்டும் நீங்க மேல சொன்ன படங்கதான். அதுக்கு முன்னாடியே 1975ல ஷா பிரதர்ஸ்ங்கிற பெரிய ஹாங்காங் கம்பெனில லாவ் கார்-லியுங் எடுத்த த ஸ்பிரிச்சுவல் பாக்ஸர் இருக்கு, கெடைச்சா பாருங்க, காமெடிக்கு அங்கயே பிள்ளையார் சுழி போட்டாச்சு. ஆனா ஒண்ணும் தெரியாத பையன் அடி வாங்கி அடி வாங்கி நம்ம கண்ணு முன்னாடி கத்துக்குறத இவ்வளவு ஆசையா காட்டுனது அந்த ரெண்டு படமும்தான்.

---

பழைய ரீல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த விட்டுப்போன ரீல் கதைய எங்க வீட்டுல உரக்க படிச்சு காமிச்சேன்.

காலாங் காத்து, நீங்க சொன்ன சிஃபூ விஷயத்தைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். எங்க பக்கம் கூத்து சொல்லித் தர்றவரு வாத்தியாரு. எங்க தாத்தாவ ஊருல கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாங்க, ஆட்டம் நின்னு போயி ஆடு மேய்ச்சப்பவும் வாத்தியாரேன்னுதான் கூப்பிட்டாங்க.

இன்னொண்ணு எழுத விட்டுட்டேன். அன்னைக்கு படம் முடிஞ்சு டெக் பையன் ஒயர சுருட்டிக்கிட்டு இருக்கும்போது தாத்தா அவனைக் கேட்டாரு, "தம்பி, அந்தக் கெழவன் இன்னும் ஆடுறானா?" அவனுக்கு என்ன தெரியும், "ஆடுவாரு தாத்தா"ன்னு சொல்லிட்டு கேசட்ட பைல போட்டுக்கிட்டான். தாத்தா தலைய ஆட்டிக்கிட்டே வீட்டுக்கு நடந்தாரு. யுவென் சியூ-தியென் 1979 ஜனவரிலயே போயிட்டாரு, டிரங்கன் மாஸ்டர் வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு.