தம்பி மனைவி சென்னைக்கு வேலைக்குப் போவது சரியா?

கண்டனூர்க்காரன்:
தம்பி காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி இன்ஜினியர், இதுவரை வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்தார். இப்போது வாரத்தில் நாலு நாள் சென்னை ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்கிறார்கள். பிள்ளைக்கு நாலு வயது. வேலையை விட்டுவிடட்டும் என்கிறேன் நான். ஆளுக்கொரு ஊரில் இருந்தால் அது குடும்பமா?

பள்ளத்தூர் ஆச்சி:
அண்ணே, நம்ம செட்டிநாட்டுப் பக்கம் ஆளுக்கொரு ஊரில் இல்லாத குடும்பம் எது? எங்கள் ஐயாவின் அப்பச்சி பர்மாவில், ரங்கூன் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழிலுக்கு, போனால் மூணு வருசக் கணக்கு, அது முடிந்தால்தான் ஊர்ப் பக்கம் வரலாம். பிள்ளை பிறந்த சேதி கடிதத்தில் போகும். அவர் வந்து பார்க்கும்போது பிள்ளை வளவில், வீட்டு உள்முற்றத்தில், ஓடிக்கொண்டிருக்கும். அதைக் குடும்பம் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே! வீட்டையே அதற்குத் தோதாகக் கட்டினார்கள். கல்யாணமான மகனுக்கு ஓர் அறை, அதே வீட்டுக்குள் வேறு வைத்ததும் தனி அடுப்பு, வருசத்துக்கு இவ்வளவு என்று செலவுக்கு அளந்து கொடுப்பது எல்லாம் இருந்தது. புருசன் பர்மாவில் இருந்தாலும் அவளுக்கென்று ஓர் அடுப்பும் சுற்றி ஆட்களும் உண்டு. ஆண் பிழைப்புக்காக இவ்வளவும் செய்தோம். ஒரு பெண்ணுக்கு நாலு நாள் வேலை என்றதும் இந்தக் கேள்வி வருகிறது, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

கண்டனூர்க்காரன்:
ஆச்சி, அந்தப் பெண்கள் சந்தோசமாக இருந்தார்களா? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, புருசன் அங்கிருந்து நடந்து வருகிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் தவிப்பு போதும் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு வளவு நிறைய ஆள் இருந்தது. இன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டிவலியோடு ஆத்தா மட்டும்தான்.
இன்னொன்று. அழகப்பச் செட்டியார் 1947-ல் இங்கே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். படிப்பு ஊருக்கு வந்துவிட்டது, படித்த பெண்ணுக்கு வேலை வரவில்லை. கோபப்படுவதென்றால் அதற்குப் படுங்கள்.

கோட்டையூர் ரோடு:
நான் பலகாரக் கடையில அடுப்பு வேலை பாக்குறேன். முறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம். வீட்டுக்காரக சிங்கப்பூர்ல கட்டட வேலை, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. நான் வேலைக்குப் போகலாமான்னு யாரும் கூடிப் பேசல, போனாத்தான் சோறு. ஒண்ணு மட்டும் சொல்றேன். முந்தி சோப்பு வாங்கக்கூட மாமியாகிட்ட கேக்கணும். சம்பளம் எங்கையில வந்த பொறகுதான் மகளைக் காலேசுல சேக்குறதுன்னு நான் வாயைத் தொறந்து சொன்னேன், சொன்னது நடந்துச்சு. அந்தப் புள்ளைய வேலைய விடச் சொல்லாதீக அண்ணே. விட்டுட்டா அம்புட்டுதான், திரும்பக் கெடைக்காது.

தேவகோட்டை ரஸ்தா:
அக்கா சொன்னதுதான் விசயம். 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே படிப்பு, ஒரே வேலை என்றாலும் முதல் பிள்ளை பிறந்த பிறகு பெண் சம்பளம் பின்தங்கிவிடுகிறது. எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிறவருக்கே கூடுதல் சம்பளம் கிடைக்கிறது, வீட்டைப் பார்ப்பவரால் அப்படி வர முடிவதில்லை. நம் நாட்டில் 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். தம்பியும் அந்த நாலு நாளும் பிள்ளையை இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே?

கண்டனூர்க்காரன்:
எப்படி? பார்மசிஸ்ட் அவன்தான். அவன் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது, சட்டம். காலை எட்டுக்குத் திறந்தால் அடைக்க ராத்திரி பத்தாகும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சம்பளத்துக்கு இன்னொரு பார்மசிஸ்டை வைக்கலாம், அந்தப் பெண் சம்பாத்தியத்தில் அது முடியாதா? கடையை நகர்த்த முடியாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம், அவர் வேலையைத்தான் சுலபமாக நகர்த்தப் பார்க்கிறோம். இத்தனை பதிவு போட்டுவிட்டீர்கள் அண்ணே, அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை.

கண்டனூர்க்காரன்:
பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மூணு மாசம் பார்ப்போம் என்கிறார். அவருடைய ஆத்தாவும் கூடப் போகிறார்களாம். தம்பி சனி ராத்திரி வண்டியேறி, திங்கள் விடியக் கடை திறக்க வந்துவிடுவானாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி அவன் கடை சாத்தி வரும்வரை அந்தப் பிள்ளை தூங்காது. ஆள் வைப்பது பற்றி மட்டும் தம்பியிடம் கேட்கிறேன்.