அரசு வேலைக் கனவுக்குக் கெடு வைக்கலாமா?

கரிசல்மழை:
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. 2018-ல பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சேன், இப்ப 28 வயசு. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 நாலு தடவை எழுதியாச்சு: 2019, 2022, 2024, 2025. 2024-ல எங்க பிரிவு கட் ஆஃபுக்கு மூணு கேள்வி கம்மி. போன ஜூலைல பொதுத் தமிழ் கைவிட்டுருச்சு. எழுதினவங்களுக்கு அந்த வினாத்தாள் எப்படி இருந்துச்சுன்னு தெரியும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினோம். கதவோட உள்பக்கம் 2019-ல நான் ஒட்டின தாள் அப்படியே இருக்கு. மேல "குரூப்-4 பாஸ்"னு சிவப்பு மையில. கீழ வரிசையா, ஸ்கூட்டி பழகணும், பி.எட். சேரணும், சித்திரைக்குள்ள பிளவுஸ் தைக்கக் கத்துக்கணும், வீட்டுக்கு கிரைண்டர், அம்மாவை தனுஷ்கோடி கூட்டிட்டுப் போகணும். ஒண்ணுகூட நடக்கல. எல்லாத்துக்கும் "வேலை கிடைக்கட்டும், அப்புறம்"னு சொல்லிச் சொல்லியே இத்தனை பொங்கல் போயிருச்சு. எங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் கடலைப் பக்கத்துல போய்ப் பாத்ததில்ல.

பக்கத்து ஊர் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுத ஆள் கேக்காங்க. மாசம் 13,000. பொங்கல் கழிச்சு பதில் சொல்லணும். அம்மா வேற ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி அடைக்காங்க. "நீயும் அங்கயே போறதுக்கா இவ்வளவு படிச்ச?"னு கேக்காங்க. அப்பா எதுவும் சொல்லல. போகவா, இன்னொரு தடவை முழுசா உக்காந்து படிக்கவா? உண்மையா என்ன தோணுதோ சொல்லுங்க.

நொய்யல்_கரை:
அம்மிணி, போய்ச் சேந்துக்கங்க. 2013-லிருந்து 2019 வரைக்கும் இதையே எழுதினவன் சொல்றேனுங்க. சென்னைல ஏழு பேர் ஒரு ரூம்ல கிடந்தோம். ஊர்ல இருந்து அப்பா மாசம் நாலாயிரம் அனுப்புவாரு. அந்த நாலாயிரத்துக்கு ஒரு கறவை மாடு போயிருச்சுங்கிறதே எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும்.

நீங்க எழுதின வருசங்களை நீங்களே ஒருக்கா பாருங்க. ஏழு வருசத்துல நாலு தேர்வு. 2020, 2021, 2023-ல குரூப்-4 நடக்கவே இல்ல. அந்த மூணு வருசமும் நீங்க தேர்வுக்குப் படிக்கல, அறிவிப்புக்குக் காத்திருந்தீங்க. குரூப்-2 எடுத்துக்கங்க. 2022 மே 21-ல முதல்நிலை, 2023 பிப்ரவரி 25-ல முதன்மை, முடிவு வந்தது 2024 ஜனவரில. ஒரே ஒரு தேர்வு, இருபது மாசம். தேர்வாணையத்தோட காலண்டரை நம்பி நம்ம வாழ்க்கைக்கு நாள் குறிக்க முடியாதுங்க.

எண்ணிக்கையையும் பாருங்க. 2022 குரூப்-4-ஐ 18 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. இடங்களைக் கூட்டிக் கூட்டி பத்தாயிரத்துக்கு மேல கொண்டுவந்தாங்க, அப்பவும் கிட்டத்தட்ட 180 பேருக்கு ஒரு இடம். 2025-ல 11 லட்சம் பேருக்கு மேல எழுதினப்போ அறிவிப்புல இருந்தது 3,935 இடம். பின்னாடி கொஞ்சம் கூட்டினாங்க, ஆனா 2022 மாதிரி வரல. 13,000 சம்பளம் கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா அது பிப்ரவரிலயே கைக்கு வருமுங்க.

தாலுகா_மேசை:
நொய்யல் அண்ணா சொன்ன எண்ணிக்கை சரி. அதை வைத்துச் சொல்லும் முடிவு சரியில்லை. இது குலுக்கல் சீட்டு இல்லை, 180-ல் ஒன்று என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதற்கு. விண்ணப்பித்து வைப்போம் என்று வருகிறவர், ஹால் டிக்கெட் எடுத்த பிறகு புத்தகம் திறக்கிறவர், எல்லாரும் அந்த 18 லட்சத்தில் இருக்கிறார்கள். இந்தத் தங்கை மூன்று கேள்வியில் விட்டவர். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், 300-க்கு நாலரை மதிப்பெண் குறைவு. அவ்வளவு பக்கத்தில் வந்தவரிடம் போய் 18 லட்சத்தைக் காட்டுவது நியாயமா?

நான் 35 வயதில் தேறினேன். 2022-ல் எழுதி, 2023 கடைசியில் வேலையில் சேர்ந்தேன். இளநிலை உதவியாளர், வருவாய்த்துறை. அடிப்படைச் சம்பளம் 19,500, அகவிலைப்படி சேர்த்தால் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். ஆனால் சம்பளத்தை மட்டும் நான் சொல்லவில்லை. என் அப்பா ஒரு சாதிச் சான்றிதழுக்கு ஒரே வாரத்தில் நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து அலைந்தார். நான் கூடவே நின்றேன், அப்போது ஒன்பதாம் வகுப்பு. "நாளைக்கு வா" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள். இன்று என் மேசைக்கு வருகிறவரை உட்காரச் சொல்லி, எந்தத் தாள் குறைகிறது என்று அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். இதற்காகத்தான் பதினோரு வருடம் படித்தேன். ஐந்தாம் வருடத்தில் யாராவது கெடு வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

தங்கை, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியா? 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? பலர் இதில் கோட்டை விடுகிறார்கள்.

கரிசல்மழை:
வாங்கிட்டேன் அண்ணா, ஒண்ணாம் வகுப்புல இருந்து எல்லாம் எங்க ஊர் அரசுப் பள்ளிதான். அதையும் சேத்துத்தான் மூணு கேள்வி கம்மி.

நொய்யல்_கரை:
தாலுகா அண்ணா, உங்களைப் பாத்தா நிஜமாவே சந்தோசமா இருக்குங்க. ஆனா ஜெயிச்சவரு பேச்சு எல்லாருக்கும் கேக்கும். எங்க ரூம்ல ஏழு பேருன்னு சொன்னனே, வேலைக்குப் போனது ஒருத்தர். மீதி ஆறு பேர்ல ஒருத்தர் 37 வயசுல இப்பவும் அதே மாதிரி ஒரு ரூம்ல இருக்காரு. போன் பண்ணினா, "அடுத்தது கண்டிப்பா"ம்பாரு. ஊருக்கு வர்றதில்ல. கல்யாணம் காட்சிக்கு வந்தா "இன்னும் படிச்சுட்டு இருக்கியா"ன்னு கேப்பாங்களேன்னு அவர் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்கு மட்டும் வந்துட்டு சாப்புடாம கிளம்பிட்டாரு. அவரும் ஒரு தடவை ரெண்டே கேள்வில விட்டவருதாங்க. அந்த ரெண்டு கேள்விதான் அவரை அங்கயே கட்டிப் போட்டுருச்சு.

யூபிஎஸ்சில இத்தனை தடவைதான்னு கணக்கு இருக்கு. பொதுப் பிரிவுக்கு ஆறு, ஓபிசிக்கு ஒன்பது. குரூப்-4-ல பிசி, எம்பிசி, எஸ்சி பிரிவுல டிகிரி முடிச்சவங்களுக்கு ஜூனியர் அசிஸ்டெண்ட் மாதிரி வேலைகளுக்கு மேல் வயசு வரம்பே கிடையாது. சலுகைன்னுதான் கொடுத்தாங்க, நல்லதுதான். ஆனா "போதும், வீட்டுக்குப் போ"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதை நாமளே சொல்லிக்க வேண்டியிருக்கு.

தாலுகா_மேசை:
அந்த நண்பருக்கு வருத்தப்படுகிறேன். ஆனால் அவருக்கு நேர்ந்தது இவருக்கும் நேரும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கேரளாவில் கார்த்தியாயினி அம்மா 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அவருக்கு யார் கெடு வைத்தார்கள்? நம் கலாம் ஐயா கனவு காணச் சொன்னது சும்மாவா?

நொய்யல்_கரை:
கார்த்தியாயினி அம்மா அந்தத் தேர்வுக்காக எதையும் தள்ளிப் போடலைங்க அண்ணா. வாழ வேண்டியதை வாழ்ந்துட்டு, அதுக்கு மேல ஆசைப்பட்டு எழுதினாங்க. அவங்களுக்கு கைதட்டுவேன், ஆனா 28 வயசுப் புள்ளைக்கு அது உதாரணம் ஆகாது.

கலாம் ஐயா பேரை எடுத்தீங்க, அதனால சொல்றேன். அவரோட முதல் கனவு விமானப்படை பைலட். டேராடூன்ல 25 பேர்ல ஒன்பதாவது ஆளா வந்தாரு, எடுத்தது எட்டு பேரை. ஒரே ஒரு இடம்! அவர் அடுத்த வருசத்துக்குன்னு அங்கயே உக்காந்துடல. டெல்லிக்குப் போய் பாதுகாப்புத் துறையில கிடைச்ச வேலைல சேந்தாரு. மத்ததெல்லாம் அங்கிருந்துதானுங்க வந்துச்சு.

மருதாணி:
ரெண்டு அண்ணனும் பேசறதைப் படிச்சேன். ரெண்டு பேரும் ஆம்பளையா நின்னு பேசறீங்க, கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுல நான் அஞ்சு வருஷம் குரூப்-2 படிச்சேன். காலைல ஒன்பது மணிக்கு கிளை நூலகம், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. மின்விசிறிக்கு அடியில ஒரு மேசை, அதுல நாலு பொண்ணுங்க. பெரியாறு அணை நீர்மட்டம், சங்க கால அரசர் பட்டியல், நடுவுல ஒருத்தி கொண்டு வர்ற நெல்லிக்காய். "படிக்கிறா"ன்னு ஒரு வார்த்தை இருந்ததால யாரும் என்னைப் பொண்ணு பாக்க வரல. அந்த வார்த்தை போன அன்னிக்கே தரகர் வீட்டுக்கு வந்துட்டார். எனக்குத் தேர்வுல நம்பிக்கை போனதுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் எழுதினேன். வேற எப்படியும் எனக்குன்னு ஒன்பது மணி நேரம் கிடைக்காதுன்னு தெரியும். அதனால "நிறுத்து"ன்னு ஒரு பொண்ணுகிட்ட சொல்லும்போது, நிறுத்தினா மறுநாள் அவ எங்க போவான்னும் சேத்து யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

ஆனா கரிசல், உன்கிட்ட அக்காவா ஒண்ணு கேக்கறேன். அந்த வேலை வேணும்னு உக்காந்திருக்கியா, இல்ல என்னை மாதிரி அந்த மேசை வேணும்னு உக்காந்திருக்கியா? மேசைக்காகன்னா, தீப்பெட்டி ஆபீஸ் சம்பளமும் உன்னை வீட்டை விட்டு வெளிய கொண்டு போகும். அதுவும் சொந்தக் காசுல.

வைப்பாறு:
வணக்கம். எனக்கு வயது 58. பருத்தியும் உளுந்தும் போட்ட சம்சாரி. என் மகனும் தேர்வு எழுதினான், ஆறு வருஷம். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அவன் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தேன். அவனோ, "அப்பா ஒண்ணும் சொல்லலயே, இன்னும் நம்புறார் போல, ஏமாத்தக் கூடாது" என்று நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறான். ஒரே வீட்டுக்குள் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்து ஆறு வருஷத்தைக் கரைத்தோம். இப்போது விருதுநகரில் மொத்தக் கடை ஒன்றில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான்.

மானாவாரியில் ஒரு பழக்கம் உண்டு. புரட்டாசியில் விதைத்துவிட்டு மழையைப் பார்ப்போம். மழை பிந்தினால் இத்தனாம் தேதி வரைக்கும் பருத்தி, அதற்குப் பிறகு அதே நிலத்தில் கொத்தமல்லியோ கொண்டைக்கடலையோ என்று மனசுக்குள் ஒரு தேதி இருக்கும். பருத்தி மேல் ஆசை இல்லாமல் இல்லை. நிலம் ஒரு வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தாயி, உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். இன்று இரவு அவரிடம் நீயே கேட்டுவிடு.

தாலுகா_மேசை:
ஐயா எழுதியதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சேர்ந்த அன்று அவர் இல்லை.

என் பேச்சில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். வேலைக்குப் போகாமல் படி என்று சொல்ல மாட்டேன். நானே ஏழாம் வருடத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்துகொண்டுதான் படித்தேன். ஆனால் தேர்வை விடு என்பதை ஏற்க மாட்டேன்.

நொய்யல்_கரை:
எட்டு மணி நேரம் கணக்கு எழுதிட்டு, வீட்டு வேலையும் செஞ்சுட்டு, ராத்திரி சமச்சீர் புத்தகத்தைத் தொறந்தா எத்தனை பக்கம் ஓடும் அண்ணா? ரெண்டும் அரைகுறையா போகும். ஒண்ணு பண்ணலாம். வருசத்தை எண்ணாதீங்க, தேர்வை எண்ணுங்க. இன்னும் ஒரு குரூப்-4. அது எப்ப வருதோ அப்ப. அதோட நிறுத்திக்கணும்.

கரிசல்மழை:
எல்லாருக்கும் ஒரே பதிவா எழுதுதேன்.

அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "நீ கணக்குல நூத்துக்கு நூறு வாங்கின புள்ள. எங்க போனாலும் உன் கணக்கு தப்பாது"ன்னாங்க. ஏழு வருசமா அவங்க மனசுல தேர்வு இருக்குன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். அவங்க மனசுல கணக்குதான் இருந்திருக்கு.

மருதாணி அக்கா, நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லுதேன். முதல் மூணு வருசம் வேலை வேணும்னு உக்காந்தேன். அதுக்கு அப்புறம் மேசைக்காகத்தான். உங்க பதிவைப் படிக்கிற வரைக்கும் எனக்கே அது தெரியல.

தீப்பெட்டி ஆபீஸ்ல சேருதேன்னு சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை லீவு, தேர்வு அன்னிக்கு லீவு, ரெண்டும் முதல்லயே கேட்டு வாங்கிட்டேன். அடுத்த குரூப்-4 எழுதுவேன். அதுக்கு அப்புறம் எழுதுவேனா மாட்டேனான்னு இப்ப வாக்கு கொடுக்க முடியல. நொய்யல் அண்ணா மன்னிச்சுக்கோங்க.

பீரோ கதவுல இருந்த தாளைக் கிழிக்கல. பக்கத்துல புதுசா ஒண்ணு ஒட்டியிருக்கேன். இதுல தனுஷ்கோடி முதல்ல இருக்கு. 17-ம் தேதி அம்மாவுக்கும் லீவு. கோவில்பட்டியில இருந்து எப்படிப் போறது சுலபம்?

தாலுகா_மேசை:
ராமநாதபுரம் போய் மாறிக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி தாண்டி கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் பஸ் உண்டு. ஆனால் 18-ம் தேதி தை அமாவாசை, முதல் நாளே கூட்டம் தாங்காது. அடுத்த வாரம் போனால் அம்மா நிம்மதியாகக் கடலைப் பார்க்கலாம்.

நொய்யல்_கரை:
வாக்கு வேண்டாம் அம்மிணி, சேருங்க போதும். ஆனா அண்ணா சொல்றது சரிதானுங்க, அமாவாசைக்கு அங்க நிக்க இடம் இருக்காது.

கரிசல்மழை:
இல்லண்ணா. அடுத்த வாரம்னு தள்ளினா இதுவும் கதவுலயே ஒட்டிக்கிடும். அம்மா சேலைகூட எடுத்து வச்சிட்டாங்க. கூட்டத்துலயே போயிட்டு வாறோம்.