462 விசா: கேஎல்-ல கனெக்‌ஷன் பிளைட் போயிடுச்சு, கடைசி என்ட்ரி தேதி நெருங்குது, என்ன செய்யலாம்?

நெல்லை_நாடோடி:

வணக்கம் மக்களே. கோலாலம்பூர் ஏர்போர்ட் டெர்மினல் 2-ல ஒரு பிளக் பாயின்ட் பக்கத்துல தரையில உக்காந்து போன்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

எனக்கு ஆஸ்திரேலியா 462, வொர்க் அண்ட் ஹாலிடே விசா, 12 மாசம் தங்கி வேலையும் பாக்கலாம். பேலட்ல, அதாவது குலுக்கல்ல, பேரு விழுந்து கெடச்சது. விசா கிராண்ட் ஆனதும் கெளம்பியிருக்கலாம், ஆனா அப்பாவுக்கு திடீர்னு பைபாஸ் பண்ண வேண்டியதாப் போச்சு, அவரு எந்திரிச்சு நடமாடி முடிக்கையில தங்கச்சி கல்யாணம் வந்துட்டு, அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. இப்ப கிராண்ட் லெட்டர்ல இந்த தேதிக்குள்ள உள்ள வந்துரணும்னு போட்ருக்கிற நாளுக்கு ரெண்டு வாரம்கூட இல்ல.

சரி ஒருவழியா கெளம்பியாச்சுன்னு பாத்தா, நான் கெளம்புன நாள் போகி. சென்னையில ராத்திரி ரெண்டரைக்கு பிளைட். உள்ள வர வேண்டிய பிளேனே லேட்டு, அது வந்து நாங்க ஏறி உக்காந்தா வெளிய ஒண்ணும் தெரியல, பனியும் டயர் எரிச்ச புகையும் சேந்து ரன்வேயே காணோம். ஏசி இல்லாம உள்ளயே உக்கார வச்சிருந்தாங்க, விடிஞ்சு புகை கலையுற நேரத்துல பைலட்டுக்கு ட்யூட்டி டைம் முடிஞ்சுதுன்னு எல்லாரையும் எறக்கி விட்டுட்டாங்க. வேற க்ரூ வந்து கெளம்ப மதியம் ஒரு மணி ஆச்சு. ஒரு சமோசாவும் ஃப்ரூட்டியும் குடுத்தாங்க, அவ்ளோதான்.

கேஎல்-ல இருந்து மெல்போர்ன் டிக்கெட் வேற ஏர்லைன், தனி பிஎன்ஆர், அதாவது தனி புக்கிங். சேத்து எடுத்தா இருபதாயிரம் ஜாஸ்தின்னு ஏஜென்ட் இப்படி போட்டுக் குடுத்தாரு. நான் வந்து சேரும்போது அந்த பிளைட் எப்பவோ போயிடுச்சு. கவுண்ட்டர்ல கேட்டா நோ ஷோ, ஒண்ணும் திரும்ப வராதுன்னு சிரிச்சுகிட்டே சொல்றாங்க. ஏஜென்ட் போனையே எடுக்கல.

இப்ப கேள்வி. என் 12 மாசம் விசா கிராண்ட் ஆன நாள்லேர்ந்தே ஓட ஆரம்பிச்சிருச்சா இல்ல நான் எறங்குற நாள்லேர்ந்தா? புது டிக்கெட் எடுத்தா கையில காட்ட வேண்டிய 5,000 டாலர் கொறஞ்சிடும், அங்க இமிகிரேஷன்ல புடிப்பாங்களா? அப்புறம் மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்துலயே ஷெப்பர்ட்டன் பக்கம் பேரிக்காய் தோட்டத்துல வேலை பேசி வச்சிருந்தேன், அந்த கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்ல திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா எடம் போயிடும், எடத்த புடிச்சு வைக்கணும்னா 300 டாலர் டெபாசிட் அனுப்புன்னு சொல்றாரு. அனுப்பவா?

கவுண்ட்டர்_கணேசு:

தம்பி, மொதல்ல எந்திரிச்சு ஏதாவது சாப்டு. நான் டிக்கெட்டிங்ல ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால அந்த பக்கத்த மட்டும் சொல்றேன்.

சென்னை பிளைட் விஷயத்துல உனக்கு கொஞ்சம் உரிமை இருந்துச்சு. டிஜிசிஏ, அதாவது நம்ம விமானத் துறைய கண்காணிக்கிற அரசு அமைப்பு, அதோட ரூல்படி ராத்திரி 8 மணிலேர்ந்து 3 மணிக்குள்ள கெளம்ப வேண்டிய பிளைட் 6 மணி நேரத்துக்கு மேல லேட்டானா ஹோட்டல் குடுக்கணும். கேஎல் மாதிரி நாலு மணி நேர பிளைட்டுக்கு 3 மணி நேரம் லேட்டானாலே சாப்பாடு குடுக்கணும். ஆனா பனி, புகை, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் இதெல்லாம் எங்க கையில இல்லன்னு சொல்லி நழுவுவாங்க, அதுக்கு ரூல்லயே வழி இருக்கு. க்ரூ ட்யூட்டி முடிஞ்சது மட்டும் அவங்க பிளானிங் பிரச்சன, அத புடிச்சு கேக்கலாம். வருஷா வருஷம் போகிக்கு மீனம்பாக்கத்துல இதே கூத்துதான், தெரிஞ்ச விஷயத்துக்கு ஒரு ரிசர்வ் க்ரூ வச்சிருக்கக் கூடாதா. பயணிகள் புகாருக்குன்னு கவர்மென்ட் வச்சிருக்கிற ஏர் சேவா போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடு, நாலு காசு வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இப்ப உடனே செய்ய வேண்டியது ஒண்ணு. சென்னைலேர்ந்து வந்த ஏர்லைன் கிட்ட எத்தன மணி நேரம் லேட்டு, என்ன காரணம்னு ஒரு லெட்டர், மெயிலாவாவது வாங்கிடு. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா அது இல்லாம க்ளெய்ம் நகராது. தனித்தனி டிக்கெட்டுன்னா மிஸ்ட் கனெக்‌ஷனுக்கு நெறைய பாலிசி காசு தராது, ஆனா டிலேக்குன்னு தனியா ஒரு தொகை இருக்கும், பாலிசிய தொறந்து படி.

மெல்போர்ன் டிக்கெட்ல ஃபேர் போனது போனதுதான். ஆனா நீ பறக்கல, அதனால அதுல இருக்கிற ஏர்போர்ட் வரிய, பேசஞ்சர் சர்வீஸ் சார்ஜ்ன்னு போட்ருக்கும், திருப்பிக் கேக்கலாம். மலேசியா ரூல்ல அதுக்கு எடம் இருக்கு. கவுண்ட்டர் பொண்ணு சொல்லாது, வெப்சைட்ல ரீஃபண்ட் ஃபார்ம் தேடி போடு.

பினாங்கு_மச்சி:

பாஸ், கேஎல் ஏர்போர்ட்ல தானே இருக்கீங்க, பயப்படாதீங்க லா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து 30 நாள் விசா இல்லாம உள்ள வரலாம், நீங்க பேக் எடுக்க வெளிய வந்தாச்சுன்னா பாஸ்போர்ட்ல சாப் (முத்திரை) அடிச்சிருப்பாங்க, ஆக இங்க தங்கறதுல சிக்கல் ஒண்ணும் இல்ல. தரையில ஏன் உக்காந்திருக்கீங்க? டெர்மினல் 2 வாசல்லயே மால் இருக்கு, அதுல கேப்சூல் ஹோட்டல் இருக்கு, 3 மணி நேரம் 6 மணி நேரம்னு வாடகைக்கு கெடைக்கும், குளிச்சிட்டு தூங்குங்க. சாப்பாடு மேல இருக்கிற பெரிய கடைங்கள்ல வேணாம், கீழ் மாடியில ஃபுட் கோர்ட் இருக்கு, அங்க வெல கம்மி.

புது டிக்கெட் டெர்மினல் 1-லேர்ந்து கெளம்புற ஏர்லைன்ல எடுத்தீங்கன்னா ரெண்டும் ஒரே கட்டடம்னு நெனச்சு மெதுவா போயிடாதீங்க, ரயில் ஏறணும், 2 வெள்ளி (ரிங்கிட்), மூணு நாலு நிமிஷம்தான், ஆனா பெட்டியத் தள்ளிகிட்டு லிஃப்ட் தேடி போறதுக்கே நேரம் ஆகும்.

நானும் 462-ல போய் வந்தவன்தான். எங்க மலேசியாகாரங்களுக்கு பேலட் எல்லாம் கெடையாது, வருஷத்துக்கு 1,100 எடம், தொறந்ததும் அப்ளை பண்ணணும். என் யோசனை, மெல்போர்ன்தான் வேணும்னு அடம் புடிக்காதீங்க. பெர்த்துக்கு இங்கேர்ந்து அஞ்சரை மணி நேரம்தான், டிக்கெட் பாதி வெலையில கெடைக்கும் பாருங்க. கடைசி தேதிக்குள்ள எந்த ஊர்ல காலு வச்சாலும் சரிதான், விசா உயிரோட இருக்கும்.

அப்புறம் ஹேப்பி பொங்கல். இங்க எங்க வீட்ல பால் பொங்கிருச்சு.

ஷெப்பர்ட்டன்_செல்வி:

300 டாலர் அனுப்பாத. முதல்ல அத சொல்லிட்டு மத்தத பேசறேன்.

நான் கோயம்புத்தூர், இந்தியாவுக்கு இந்த விசா தொறந்த மொத வருஷ பேலட்ல வந்தவ. 25 டாலர் கட்டி பேர் குடுத்தவங்க முதல் ரெண்டு வாரத்துலயே 40,000 பேருகிட்ட, எடம் 1,000. அதனால உனக்கு கெடச்சத சாதாரணமா நெனைக்காத, எந்த கான்ட்ராக்டர் மெரட்டலுக்கும் பதறாத.

நெஜமான தோட்டக்காரன் எவனும் வேலைக்கு வரவன் கிட்ட முன்பணம் கேக்க மாட்டான். ஜனவரி பாதியில பேரிக்காய் இப்பதான் ஆரம்பிக்குது, மார்ச் வரைக்கும் ஓடும், கூடவே ஆப்பிள் ஏப்ரல் வரைக்கும். திங்கக்கிழமை வரலைன்னா வேலை போச்சுன்னு சொல்றது சுத்த டூப்பு. இங்க ஆளுங்க வந்துட்டும் போயிட்டும்தான் இருப்பாங்க, முதுகு வலிச்சு மூணாம் நாளே ஓடறவங்க எத்தனை பேரு தெரியுமா. ஹார்வெஸ்ட் டிரெயில்னு கவர்மென்ட்டே நடத்துற சேவை இருக்கு, எந்த ஊர்ல எந்த மாசம் என்ன அறுவடைன்னு அதுல பாத்துக்கோ.

உன் 12 மாசம் நீ முதல் தடவ உள்ள நுழையற நாள்லேர்ந்துதான். வீட்ல இருந்த காலம் எதுவும் கழியாது. கடைசி தேதி தாண்டினாதான் மொத்தமும் போயிடும், அத நீட்டிக் குடுக்க மாட்டாங்க. 5,000 டாலர் அப்ளை பண்ணப்பவே காட்டியாச்சு இல்ல? எறங்கும்போது என்னை யாரும் கேக்கல, ஆனா கேக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, அதனால பேங்க் ஸ்டேட்மென்ட்டும் டிக்கெட் போன கதைக்கான அந்த டிலே லெட்டரும் போன்ல வச்சுக்கோ.

பெர்த் விஷயத்துல பினாங்குகாரர் சொல்றது பாதி சரி. விசாவுக்கு பெர்த் போதும். ஆனா ஜனவரில பழம் பறிக்கற வேலை வேணும்னா விக்டோரியாதான் கைக்கு பக்கம், இங்க பேரிக்காய், பிப்ரவரிலேர்ந்து மில்டுரா, ராபின்வேல் பக்கம் திராட்ச. பெர்த்லேர்ந்து திரும்ப மெல்போர்ன் வர நாலு மணி நேர பிளைட், அந்த காசையும் சேத்து கணக்கு போடு. மெல்போர்ன்ல சதர்ன் கிராஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஷெப்பர்ட்டனுக்கு வி லைன் ரயில் இருக்கு.

ரெண்டாவது வருஷ விசா ஆசை இருந்தா தோட்டத்தோட போஸ்ட்கோட், விசா குடுக்கிற ஹோம் அஃபேர்ஸ் துறையோட லிஸ்ட்ல இருக்கான்னு நீயே பாரு, ஹாஸ்டல்காரன் வாய வார்த்தைய நம்பாத. பேஸ்லிப் ஒண்ணு விடாம எடுத்து வை. அந்த விசாவுக்கு 88 நாள் வேலை செஞ்சிருக்கணும், 88 நாள்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, பேஸ்லிப் இல்லாத 88 நாள் வெறும் கத.

இன்னொண்ணு, டிஎஃப்என், அதாவது வரி நம்பர், எறங்குன பிறகுதான் அப்ளை பண்ண முடியும், அது தபால்லதான் வரும். ஹாஸ்டல் அட்ரஸ் குடுத்துட்டு வேற ஊருக்கு மாறினா லெட்டர் எங்கயோ சுத்தும். தெரிஞ்சவங்க வீட்டு அட்ரஸ் ஒண்ணு புடி.

சும்மா_கேட்டேன்:

தெரியாமத்தான் கேக்கறேன், டிகிரி முடிச்சிட்டு கடன வாங்கி, ஏர்போர்ட் தரையில படுத்து, போயி பேரிக்காயா பறிக்கணும்? அத நம்ம ஊர்லயே பறிக்கலாமே, கொடைக்கானல்ல இல்லாத பேரிக்காயா.

ஷெப்பர்ட்டன்_செல்வி:

பறிக்கலாம் சார், கொடைக்கானல்ல ஒரு மணி நேரத்துக்கு என்ன குடுப்பாங்கன்னு கேட்டு சொல்லுங்க. இங்க 2025 ஜூலைலேர்ந்து குறைந்தபட்ச கூலி மணிக்கு 24.95 டாலர், கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாத வேலைன்னா 25 சதவீதம் மேல, 31 டாலர் சொச்சம். முன்னாடி தொட்டிக்கு இவ்ளோன்னு பீஸ் ரேட் போட்டு ஏமாத்திட்டு இருந்தாங்க, 2022 ஏப்ரல்லேர்ந்து தொட்டி கணக்குல வேலை செஞ்சாலும் மணிக்கூலிக்கு கொறையக் கூடாதுன்னு ஆயிடுச்சு.

அதுக்காக பாலும் தேனும் ஓடுதுன்னு சொல்லல. மொத டாலர்லேர்ந்தே 15 சதவீதம் டேக்ஸ். சூப்பர்னு, நம்ம ஊரு பிஎஃப் மாதிரி, 12 சதவீதம் போடுவாங்க, ஊருக்கு திரும்பும்போது எடுத்தா அதுல 65 சதவீதத்த கவர்மென்ட் புடிச்சுக்கும், எனக்கு இன்னும் வயிறு எரியுது. மெடிகேர்ங்கிற அரசு மருத்துவத் திட்டம் நமக்கு கெடையாது, இன்சூரன்ஸ் நாமதான் எடுக்கணும். வெயில் 40 தாண்டினா வேலைய சீக்கிரம் நிறுத்திடுவாங்க, அன்னிக்கு சம்பளம் பாதிதான். ஏணிய தூக்கி தூக்கி தோள்பட்ட ரெண்டும் காச்சுப் போச்சு எனக்கு, பை நெஞ்சுல மாட்டி நெறஞ்சா சின்ன புள்ளைய சுமக்கற மாதிரி இருக்கும், காம்பு ஒடையாம மேல தூக்கி திருப்பி எடுக்கணும், இழுத்தா அடுத்த வருஷ மொட்டும் சேந்து வந்துடும்னு சூப்பர்வைசர் கத்துவாரு. ஆனா வேலை முடிஞ்சு கோல்பர்ன் ஆத்துல போய் விழுந்தா அந்த வலி போயிடும். புடிச்சிருக்கு, அதான் இருக்கேன்.

நெல்லை_நாடோடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கேப்சூல்ல தூங்கி எந்திரிச்சுதான் எழுதறேன், இப்பதான் தல வேலை செய்யுது.

கான்ட்ராக்டர்கிட்ட தோட்டத்து பேரும் ஏபிஎன், அதாவது தொழில் பதிவு நம்பரும் கேட்டேன் செல்வி அக்கா, ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல, கொஞ்ச நேரத்துல டிபி-யும் காணாமப் போச்சு. அவ்ளோதான் அந்த சங்கதி. கணேசண்ணே, டிலே லெட்டர் மெயில்ல வந்துருச்சு, அதுல ஆபரேஷனல் ரீசன்னு மட்டும் போட்ருக்காங்க, புகைன்னு ஒரு வார்த்த இல்ல.

மெல்போர்னுக்கே டிக்கெட் போட்டேன், நாளைக்கு ராத்திரி. பெர்த் வழியா கணக்கு போட்டுப் பாத்தா மிச்சம் ரெண்டாயிரம் ரூபாதான், அதுக்காக இன்னொரு கனெக்‌ஷன் எனக்கு தாங்காது.

கடைசியா ஒண்ணு. அம்மா மாங்கா ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கட்டிக் குடுத்திருக்காங்க. அதெல்லாம் விடுவாங்களா?

கவுண்ட்டர்_கணேசு:

ஆபரேஷனல்னு எழுத்துல குடுத்துட்டாங்களா? அப்ப வானத்த காரணம் காட்ட முடியாதே! அந்த மெயில டெலீட் பண்ணிடாத, ஏர் சேவா கம்ப்ளைன்ட்ல அதையே அட்டாச் பண்ணு, ஹோட்டல் குடுக்காதத தனியா குறிப்பிட்டு எழுது.

ஷெப்பர்ட்டன்_செல்வி:

பிளைட்ல ஒரு கார்டு குடுப்பாங்க, அதுல சாப்பாட்டு பொருள் இருக்கான்னு கேட்ட எடத்துல யெஸ் போடு. போட்டுட்டு அவங்ககிட்ட எடுத்துக் காட்டினா மிஞ்சிப்போனா குப்பையில போடுவாங்க, ஃபைன் கெடையாது. மறைச்சு மாட்டினாதான் பெரிய ஃபைன், விசாவுக்கே வேட்டு வைக்கலாம். ஊறுகாயும் பொடியும் பாத்துட்டு முடிவு சொல்லுவாங்க, என்னோடத விட்டாங்க. பால்கோவா பால் பொருள், அத இந்தியாலேர்ந்து உள்ள விட மாட்டாங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு இல்ல, பொங்கலும் அதுவுமா அந்த பினாங்கு ஆளுக்கும் கொஞ்சம் குடுத்து அங்கயே காலி பண்ணிடு.

பினாங்கு_மச்சி:

நான் பினாங்குல இருக்கேன், அவரு கேஎல்-ல இருக்காரு, நாலு மணி நேரம் கார் ஓட்டணும். ஸ்ரீவில்லிபுத்தூர்தானா, உறுதியா?