புதுப்பிப்பு: டிசம்பரில் தனியாக ரிங்லெட் ஏரிக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் மழைக்காலத்தில் ரிங்லெட் ஊரிலிருந்து ஏரிக்குத் தனியாக நடக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பும்போது ஒரே மூடுபனி. சாலை குறுகல், வளைவுகளில் காய்கறி லாரிகளுக்கு ஒதுங்க இடமில்லை. ஒளிரும் சட்டை போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அது இல்லாமல் யாரும் போகாதீர்கள்.

ஏரியைப் பார்த்து மனம் கனத்துப்போனது. 1960களில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் இது. இங்கிருந்துதான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஜோர் மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகிறது. மேலே சரிவுகளை வெட்டிப் பயிர் செய்வதால், மழைக்குக் கரையும் மண்ணெல்லாம் இதில் வந்து படிகிறது. தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் கிடக்கிறது. என் பாட்டி இங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளிய காலத்தில் அதில் மலையின் நிழல் தெரியுமாம். கரையில் அரை மணி நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம், அணைக்குக் கீழே ஆற்றோரம் இறங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்பா. 2013 அக்டோபரில் இரவில் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில், கீழே இருக்கும் பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மழை நாளில் அந்தப் பக்கமே போகாதே.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அதற்குள் ரிங்லெட் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.