இரும்பு விலைக்குப் போன காந்தங்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காயில்கட்டி, கோவை

கணபதியில் சின்னதாக ஒரு மோட்டார் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் காயில் கட்டுவதுதான் முழு வேலை, ஐந்தாறு வருடமாக மின்சார ஸ்கூட்டரின் ஹப் மோட்டார்கள் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) நிறைய வருகின்றன. காந்தத்தை உணரும் ஹால் சென்சார் போனது, பேரிங் போனது, மழைத் தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடித்தது என்று ஏதாவது ஒன்று. சரிசெய்ய முடியாததை என்ன செய்வேன்? செம்புக் கம்பியை உருவித் தனியாக விற்பேன், அலுமினியம் தனி, மிச்சமிருக்கும் இரும்பு வளையத்தை உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தோடு அப்படியே காயலான் கடைத் தராசில் ஏற்றிவிடுவேன். இரும்பு விலை. அவர் அதற்கு மேல் தரமாட்டார், நானும் கேட்டதில்லை. சொல்லப்போனால் முணுமுணுத்துக்கொண்டேதான் எடுப்பார், ஏனென்றால் அது தராசுத் தட்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க இரண்டு ஆள் வேண்டும்.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமேரியம் உள்ளிட்ட 7 அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. செய்தியைப் படித்தேன், பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஜூன் மாதம் வழக்கமாகக் காந்தம் தருபவருக்குப் போன் போட்டால், “அந்தச் சூடு தாங்குற ரகத்துக்கு இப்ப ரேட்டே கேட்காதீங்கண்ணா” என்கிறார். பெரிய வண்டிக் கம்பெனிகளே உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்த நேரம், நான் எம்மாத்திரம்.

அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. ஒரு ஹப் மோட்டாரில் 40க்கு மேல் காந்தத் துண்டுகள், இத்தனை வருடத்தில் எத்தனை வளையம் போட்டிருப்பேன்! சரி, கடையில் மிச்சம் கிடந்த ஒன்றில் கழற்றிப் பார்ப்போம் என்று ஹீட் கன்னும் சின்ன உளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் ஒன்பது துண்டு வந்தது, அதில் நாலு உடைசல். கழன்ற ஒன்று கையிலிருந்து துள்ளிப் போய் இன்னொன்றோடு அறைந்துகொண்டதில் நடுவில் என் விரல். நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஹீட் கன் பட்டதில் காந்த சக்தியும் பாதி போய்விட்டது.

இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிக் கழற்றுகிறீர்கள், அப்புறம் அதை என்ன செய்கிறீர்கள்?

ரிச்சி தெருக்காரன்

அண்ணா, விரலுக்கு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஹார்டு டிஸ்க் ஆள். டேட்டா மீட்டுத் தரும் வேலை, அதனால் செத்த டிஸ்க்குகள் மூட்டை மூட்டையாகச் சேரும். 3.5 இஞ்ச் டிஸ்க்கின் ஒரு மூலையில், ஊசிக் கையை ஆட்டுவதற்காக, வளைந்த பட்டைகள் மாதிரி இரண்டு காந்தங்கள் இருக்கும், பளபளவென்று நிக்கல் பூச்சோடு. நட்சத்திர பிட் போட்டுத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். இரும்புத் தகட்டில் ஒட்டியிருப்பதைக் கழற்ற உளி வேண்டாம், தகட்டை வைஸில் பிடித்து மெதுவாக வளைத்தால் போதும், காந்தம் வளையாது, தானே விட்டுக்கொள்ளும்.

ஆனால் ஒரு டிஸ்க்குக்குக் கிடைப்பது சில கிராம் முதல் 20 கிராம் வரைதான், புது மாடலாக ஆக இன்னும் குறைவு. ஒரு கிலோ சேர்க்க நான் எத்தனை திறந்தேன் என்று எண்ணவில்லை, ஒரு முழு மழைக்காலம் போயிற்று. சேர்த்து வைத்து வாங்க ஆள் தேடினால் பள்ளிக்கூடப் பசங்கள்தான் வந்தார்கள், பிரிட்ஜில் ஒட்ட, தண்ணீர்த் தொட்டி கழுவ. கிலோ கணக்கில் எடுத்து மறுபடி காந்தமாக்கும் ஆள் ஒருவரும் வரவில்லை. இப்போது சிப்பிலேயே டேட்டா சேமிக்கும் எஸ்எஸ்டி வந்துவிட்டது, அதில் காந்தமே கிடையாது, நானும் மூட்டையை மூடிவிட்டேன்.

பிரிப்புக்கூடம்

மின்கழிவு பிரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். காயலான் கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை அண்ணா, உரிமம் வாங்கிய கூடத்திலும் இதே கதைதான். 2022 மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர் காட்டும் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கை வைத்துத்தான். அந்த நான்குக்குத்தான் சான்றிதழ், சான்றிதழுக்குத்தான் பணம். இந்தக் காந்தங்களில் இருக்கும் முக்கிய அருமண் உலோகமான நியோடிமியம் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அதனால் நொறுக்கும் எந்திரத்துக்குள் எல்லாம் சேர்ந்து போகும், உள்ளே காந்தம் பொடிந்து சுற்றியுள்ள இரும்பில் எல்லாம் அப்பிக்கொள்ளும், இரும்பு உருக்கு உலைக்குப் போகும். உலையில் அருமண் உலோகங்கள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கசடில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து திரும்ப எடுப்பது ஆகிற காரியம் இல்லை. காயில்கட்டி அண்ணா போட்ட வளையங்களும் ஏதோ ஒரு சாலைக்கு அடியில் ஜல்லியாகக் கிடக்கலாம்.

நான் ஒருமுறை காந்தத்துக்குத் தனித் தொட்டி வைக்கலாமா என்று கேட்டேன். “அதுக்கு ரெண்டு ஆள் சம்பளம் யார் தர்றது” என்று மேலாளர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கென்று மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, இப்போது கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

பர்மிங்காம் மாணவன்

அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதுகலைப் படிப்புக்காக பர்மிங்காம் வந்தேன். இங்கே பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹாரிஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகளாக ஹைட்ரஜனை வைத்து காந்த உலோகத்தைப் பொடியாக்குவதை ஆராய்ந்தவர்கள், அந்த வழியில் 2018இல் ஹைப்ரோமேக் என்ற நிறுவனமே பிறந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு செய்முறை வகுப்பில். தடித்த எஃகுப் பாத்திரத்தில் ஒரு ஒலிபெருக்கிக் காந்தத்தைப் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஹைட்ரஜனை விட்டார்கள். உலை இல்லை, அமிலம் இல்லை, அறை வெப்பம்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அழுத்த முள் இறங்கத் தொடங்கியது, பாத்திரம் தானாகச் சுட்டது. முடிந்து திறந்தால் கறுப்புப் பொடி, மேலே சருகு மாதிரி நிக்கல் தோல். நாங்கள் எல்லோரும் ஸ்பேனரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் காட்டினோம், ஒட்டவே இல்லை. இந்த ஒரு குணம்தான் எல்லாம், அண்ணா. காந்த சக்தி போய்விடுவதால் இரும்பில் அப்பாது, சலித்தால் கீழே தனியாக வந்துவிடும்.

ஏன் பொடிகிறது என்றால், இந்தக் காந்தம் ஒரே கட்டி இல்லை, சில மைக்ரான் அளவுள்ள மணிகள் ஒட்டியிருப்பதுதான். மணிக்கும் மணிக்கும் நடுவே நியோடிமியம் கூடுதலாக இருக்கும் ஒரு மெல்லிய படலம் உண்டு, நம் சுவரில் செங்கல்லுக்கு நடுவே கலவை மாதிரி. ஹைட்ரஜன் முதலில் அதைப் பிடித்து ஊத வைக்கும், பிறகு மணிகளும் ஊதும், சுவர் இடிந்துவிடும். வந்த பொடியை வெற்றிடத்தில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றி, இன்னும் நைசாக அரைத்து, பழசு ஆக்சிஜன் பிடித்ததற்கு ஈடாகக் கொஞ்சம் புது நியோடிமியம் ஹைட்ரைடு சேர்த்து, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சின்டர் செய்தால் (பொடியைச் சுட்டுக் கட்டியாக்குவது) மறுபடி காந்தம். அமிலத்தில் கரைத்து, ஆக்சலேட்டாக வீழ்த்தி, சுட்டு ஆக்சைடாக்கி, உருகிய உப்பில் மின்சாரம் விட்டு உலோகமாக்கும் நீண்ட வழியும் இருக்கிறது. கண்ட கண்ட ரகம் கலந்து வந்தால் அந்த வழிதான் சரி. ஒரே ரகம் என்று தெரிந்தால் ஹைட்ரஜன் வழியில் பாதி வேலை மிச்சம்.

இனி நான் தோற்ற கதை. ஒரு கார் மோட்டாரின் ரோட்டரை, அதாவது சுழலும் பகுதியை, அப்படியே உள்ளே வைத்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் முள் அசையவே இல்லை. காந்தங்கள் இரும்பின் துளைகளுக்குள் எபாக்ஸியால் அடைக்கப்பட்டிருந்தன, ஹைட்ரஜன் தொட ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ரோட்டரைக் குறுக்கே அறுத்துக் காந்தத்தின் முகத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் வேலை நடந்தது. ஹார்டு டிஸ்க்குக்கும் இங்கே உளி எடுப்பதில்லை, காந்தம் எந்த மூலையில் என்று ஹால் சென்சாரால் கண்டுபிடித்து அந்த மூலையை மட்டும் வெட்டி உள்ளே போட்டுவிடுவார்கள். ரிச்சி தெரு அண்ணனின் மழைக்காலத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

(ஹைட்ரஜனை யாரும் கடையில் முயற்சி செய்ய வேண்டாம். கேட்பீர்கள் என்று தெரியும்.)

காயில்கட்டி, கோவை

தம்பி, கேட்கத்தான் வந்தேன். சரி, விட்டுவிட்டேன்.

லேத் பட்டறை

காந்தத்தை உலர்வாகக் கிரைண்டரில் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான் என் பகிர்வு. ஒரு வாடிக்கையாளர் துண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, தேய்த்துக் கொடு என்றார். நானும் தேய்த்தேன். மத்தாப்பு மாதிரி பொறி. பத்து நிமிடம் கழித்துத் தூசிப் பை புகைந்தது, தண்ணீரை எடுக்கப் போனேன், நல்ல வேளை பக்கத்துப் பட்டறைப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு மணலைக் கொட்டினார்.

ஒசாகா பழைய ஆள்

அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு. அருமண் பொடித் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வரும், இன்னும் மோசமாகும்.

ஜப்பானில் ஒரு காந்த ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இந்த நியோடிமியம் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், அதனால் அங்கே பழைய ஆட்களுக்கு அது ஒருவகை வீட்டுப் பிள்ளை. ஆனால் 2010இல் சீனாவோடு மீன்பிடிப் படகுத் தகராறு வந்து அருமண் சரக்கு நின்ற நாட்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர்கள் முகம் மாறும். அதற்குப் பிறகு வந்த பழக்கங்களைத்தான் நான் பார்த்தேன்.

பழைய காந்தம் திரும்பி வருவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள், ஆலைக்கு உள்ளேயே வீணாவது எவ்வளவு என்று பார்த்தால் தலை சுற்றும். சின்டர் செய்த கட்டியை அறுத்து, தேய்த்து, வடிவத்துக்குக் கொண்டுவருவதில் எடையில் கால் பங்குவரை சேறாகிவிடும். எங்கள் பிரிவில் அந்தச் சேற்றை டிரம்மில் பிடித்து ஒவ்வொரு ஷிப்டும் எடை போடுவோம், காந்தத்தின் எடையும் சேற்றின் எடையும் சேர்ந்து உள்ளே வந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சரியாக வர வேண்டும். முதல் மாதம் என் கணக்கு இடித்தது. மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை, என்னைக் கூட்டிப்போய் எந்திரத்துக்கு அடியில் தரையைத் துடைக்கச் சொன்னார், துடைத்த துணியைப் பிழிந்தது டிரம்முக்குப் போனது. அந்தச் சேற்றையும் இறுக்கி மூடக் கூடாது, வாயு சேரும்.

இன்னொன்று டிஸ்ப்ரோசியம். மோட்டார் சூட்டில் காந்தம் தளராமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். முன்பு உருக்கும்போதே கலவை முழுக்கப் போடுவார்கள். தளர்வு தொடங்குவது மணியின் ஓரத்தில் என்பதால், உள்ளே முழுக்கப் போடுவது வீண். இப்போது செய்து முடித்த காந்தத்தின் மேல் பூசி, 900 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் வைத்தால் அது மணி ஓரங்கள் வழியாக ஊறி உள்ளே போகும். மிகக் குறைவாகப் போட்டால் போதும். ஆனால் சில மில்லிமீட்டர் கனம் வரைதான், தடித்த காந்தத்தில் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. 2016இல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் டிஸ்ப்ரோசியம் போன்ற கனரக அருமண் இல்லாத காந்தத்தையே கார் மோட்டாருக்குக் கொண்டுவந்தார்கள், அது வேறு வழி, சூட்டோடு நசுக்கி மணியைப் பொடிசாக வைத்திருப்பது.

கடலோரத்தான்

மணவாளக்குறிச்சி பக்கம் ஊர். சின்ன வயதில் கறுப்பு மணலில் காந்தம் வைத்து விளையாடியிருக்கிறோம், ஒட்டுவது இரும்புத் தாது, அருமண் இருக்கும் மோனசைட் தங்கிவிடும், அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. மண் எங்கள் ஊரில், கேரளத்து ஆலுவாவில் அருமண் பிரிப்பு ஆலை 1950களிலேயே வந்துவிட்டது, காந்தம் மட்டும் வெளியிலிருந்து. 2025 நவம்பரில் வருடத்துக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனுக்காக 7,280 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தார்கள், ஊரில் இனித் தோண்டத்தான் வருவார்கள் என்ற பயம்தான் முதலில். தோரியம் கூட வரும் மண் அது. எங்கள் மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது, டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். ஒசாகா அண்ணன் சொல்லும் அந்தச் சூடு தாங்கும் சரக்கு, காயில்கட்டி அண்ணா தராசில் ஏற்றிய வளையத்தில்தான் எங்கள் கடற்கரையைவிட அதிகமாக இருந்திருக்கும் போல.

காயில்கட்டி, கோவை

இதைப் படித்தபின் சாப்பாடு இறங்கவில்லை தம்பி.

இப்போது செய்வது இவ்வளவுதான். கழற்றுவதில்லை. வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் மரச் சட்டம் வைத்து அடுக்கி, எந்த வண்டி, எந்த வருடம் என்று பெயின்ட்டில் எழுதிவிடுகிறேன், ரகம் கலந்தால் மதிப்பு போய்விடும் என்று பர்மிங்காம் தம்பி சொன்னதால். இதுவரை பதினேழு இருக்கிறது. காயலான் கடைக்காரர் நேற்று எட்டிப் பார்த்து, “என்னங்கண்ணா, இதைப் போடலையா” என்றார்.

புதுசு

எங்கள் வீட்டு பிஎல்டிசி பேன் ரிப்பேராகிக் கிடக்கிறது, அதையும் எடுத்து வைக்கலாமா அண்ணா?

காயில்கட்டி, கோவை

திறந்து பாருங்கள். காந்தம் பூச்சில்லாமல் சாம்பல் கறுப்பாக, உடைத்த ஓடு மாதிரி இருந்தால் பெரைட், அதாவது இரும்பு ஆக்சைடில் செய்த காந்தம். நான் பார்த்த பேன்களில் பெரும்பாலும் அதுதான். அதில் அருமண் கிடையாது, தாராளமாக இரும்பு விலைக்குப் போடலாம்.