புக்கிட் பிரவுன் இடுகாட்டில் கல்லெழுத்துகளைப் படம் எடுப்பது எப்படி?

தெம்பனிஸ்வாசி கேட்டது:
வணக்கம். சிங்கப்பூரின் பழைய சீன இடுகாடான புக்கிட் பிரவுனின் கல்லறைகளைப் படம் எடுத்து வருகிறேன். மரங்கள் அடர்ந்த இடம் என்பதால், உச்சி வெளிச்சத்தில் எழுத்தும் கல்லும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. மாவு தடவினால் எழுத்து தெரியும் என்கிறார்களே, அது சரியா? எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. ஆண்டையாவது கண்டறிய வழி உண்டா? சீக்கியக் காவலர் சிலைகளைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிப்பட ஆர்வலர்:
மாவு வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது கல்லின் துளைகளில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவது அதைவிடக் கேடு. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, கைவிளக்கைக் கல்லின் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எடுப்பாகத் தெரியும். மேல் வெளிச்சத்தை ஒரு கறுப்புக் குடையால் மறைத்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோடுகள் பக்க ஒளியிலும், படுக்கைக் கோடுகள் மேலிருந்து சாய்ந்து வரும் ஒளியிலும்தான் நன்றாகத் தெரியும் என்பதால், இரண்டு விதமாகவும் எடுத்துவைப்பது நல்லது.

பழைய சிராங்கூன்காரர்:
ஆண்டைப் படிப்பது நினைப்பதுபோல் கடினமன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அத்தனை படுக்கைக் கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. இந்த இடுகாடு நகராட்சியின் பொறுப்பில் 1922இல் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்டது. ஆகவே பெரும்பாலான கற்களில் சீனக் குடியரசு ஆண்டே இருக்கும். அதனோடு 1911ஐக் கூட்டுங்கள்: 23 என்றால் 1934. ஜப்பானியர் ஆட்சிக்காலக் கற்கள் சிலவற்றில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 2602 என்று காணலாம். அதில் 660ஐக் கழித்தால் 1942. அந்த ஆண்டுகளைக் கல்லிலேயே பார்க்கும்போது, வரலாற்றுப் பாடம் படித்ததெல்லாம் வேறு மாதிரி தோன்றுகிறது, என்னைக் கேட்டால்.

தோ பாயோ அக்கா:
தம்பி, சிலைகளுக்காக வருவதானால் சியூ கியோக் லியோங் என்பவரின் கல்லறையைத் தேடுங்கள். வண்ணம் பூசிய, தலைப்பாகை கட்டிய இரண்டு காவலர்கள் இருபுறமும் நிற்பார்கள். அக்காலத்தில் வங்கிகளையும் கிடங்குகளையும் இரவில் காத்த ஜாகா எனப்படும் பஞ்சாபியக் காவலாளிகளைத்தான் செல்வந்தர்கள் கல்லறைக்கும் காவல் வைத்தார்கள். ஆகப் பெரிய கல்லறையான ஓங் சாம் லியோங்குடையதில், பெற்றோரைப் பேணிய பிள்ளைகளின் கதைகளும் செதுக்கப்பட்டுள்ளன. சிலையின் முகத்தை மட்டும் எடுக்காமல், பாதத்தருகே பூசப்பட்ட வண்ணம் உரிந்திருக்கும் இடத்தையும் எடுங்கள். அடியில் உள்ள பூச்சு அங்கேதான் தெரியும்.

கல்லுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஏறி நிற்காதீர்கள், உடல் அதனடியில்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ள சிறிய கல், மண் தெய்வத்துக்கு உரியது. கேமராப் பையை அதன்மேல் வைத்துவிட வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் என்னும் முன்னோர் வழிபாட்டுக்குக் குடும்பங்கள் வருவார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது முறையன்று, ஆனால் அருகே சென்று வணக்கம் சொன்னால், கல்லில் இருப்பவர் யார் என்று அவர்களே சொல்வதும் உண்டு. நெடுஞ்சாலைக்காக 3,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டதால், பழைய வரைபடங்களில் உள்ள சில பாதைகள் இப்போது இல்லை. சைம் ரோட்டிலிருந்து லோரோங் ஹல்வா வழியாக வாருங்கள். முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் கட்டாயம்.

தெம்பனிஸ்வாசி:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. சிங் மிங் கூட்டம் குறைந்தபின் குடையும் விளக்குமாகப் போகிறேன். 2602 உள்ள கல் கிடைத்தால் படத்தை இங்கே இடுகிறேன்.