கருவிழி ஸ்டெம் செல்லை அடையாளம் கண்டு பிரிச்சுதான் வைக்கணுமா, அப்படியே வெட்டி ஒட்டினா போதாதா?

வெற்றிலைக்கொடி:
வணக்கம். என் தம்பிக்கு 7 வயசுல சுண்ணாம்பு பாக்கெட்டை அமுக்கி விளையாடுறப்ப அது வெடிச்சு இடது கண்ணுல அடிச்சிடுச்சு, இப்ப அவனுக்கு 19. அன்னைக்கு உடனே தண்ணி ஊத்தி கழுவணும்னு யாருக்கும் தெரியல, தாய்ப்பால் விடு விளக்கெண்ணெய் விடுன்னு ஆளாளுக்கு சொல்லி ஒரு மணி நேரம் போச்சு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரில கருவிழி மாத்துனாங்க, ஆறு மாசம் தெளிவா இருந்துச்சு, அதுக்கப்புறம் ரத்தக்குழாய் ஏறி மறுபடி வெள்ளையா மூடிக்கிச்சு. இப்ப பார்க்கிற டாக்டர் "ஸ்டெம் செல் செத்துப்போன கண்ணுல எத்தனை கருவிழி வச்சாலும் நிக்காது, நல்ல கண்ணோட ஓரத்துல துளி எடுத்து இதுல வைக்கணும்"னு சொல்றார். நான் தேடிப் படிச்சதுல 2014ல பாஸ்டன்ல ஏபிசிபி5ங்கிற அடையாளத்தை வச்சு அசல் ஸ்டெம் செல்லை மட்டும் பிரிச்சு எலிக்கு கருவிழியையே திரும்ப வளர்த்திருக்காங்கன்னு இருக்கு. அப்ப நல்ல கண்ணைத் தொடாம அதுக்கு காத்திருக்கலாமா? நல்லா இருக்கிற கண்ணுலயும் கத்தி வைக்கணுமான்னு அம்மா அழுதுகிட்டே இருக்காங்க.

செல்வளர்ப்பு:
நான் லேப்ல செல் வளர்க்கிற வேலைல இருக்கேன், டாக்டர் இல்ல. உங்க டாக்டர் சொன்ன காரணம் சரிதான். கருவிழியும் வெள்ளைவிழியும் சேர்ற விளிம்பு இருக்குல்ல, லிம்பஸ்னு சொல்லுவாங்க, கருவிழியோட மேல்தோல் அங்கிருந்துதான் புதுசு புதுசா வருது. அது அழிஞ்சா பக்கத்துல வெள்ளைவிழியை மூடியிருக்கிற கஞ்சங்க்டைவா தோல் ரத்தக்குழாயோட உள்ளே ஏறிடும். ஆனா அந்த விளிம்புல இருக்கிறதெல்லாம் ஸ்டெம் செல் கிடையாது, ரொம்ப கொஞ்சம்தான் அசல், மத்ததெல்லாம் நாலு தடவை பெருகி ஓய்ஞ்சு போற செல். எது எதுன்னு தெரியாம வச்சா ஆறு மாசம் நல்லா இருந்துட்டு படுத்துடும். இத்தாலிக்காரங்க 2010ல 112 பேரோட கணக்கைப் போட்டாங்க. வளர்த்த செல்கள்ல, அசல் ஸ்டெம் செல்லுக்கு அடையாளமான பி63ங்கிற புரதம் பளிச்சுனு தெரியுற செல் 3 சதவீதத்துக்கு மேல இருந்த இடத்துல 78 சதவீதம் ஜெயிச்சிருக்கு, 3க்கு கீழே இருந்த இடத்துல வெறும் 11. இந்த ஒரு கணக்கு போதும், அடையாளம் காண்றது எவ்வளவு முக்கியம்னு சொல்ல. விதைநெல்லைக்கூட முளைப்பு பார்த்துட்டுத்தானே விதைக்கிறோம், பிள்ளையோட கண்ணுக்கு பார்க்க வேண்டாமா?

தியேட்டர்_நாகு:
கண் ஆபரேஷன் தியேட்டர்ல 14 வருஷமா டெக்னீஷியன். செல்வளர்ப்பு சார் சொன்ன 11 சதவீதம் உண்மைதான், ஆனா அது லேப்ல வாரக்கணக்கா வளர்த்த செல்லோட கணக்கு. வளர்க்கிறப்பதான் அசல் செல் கரைஞ்சு போகும், அதனாலதான் எண்ண வேண்டியிருக்கு. வளர்க்கவே இல்லைன்னா? ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரில டாக்டர் வீரேந்தர் சங்வான் டீம் 2012ல எஸ்எல்ஈடின்னு ஒண்ணு வெளியிட்டாங்க. நல்ல கண்ணோட விளிம்புல 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் துணுக்கு, அதை எட்டு பத்து துண்டா நறுக்கி, பனிக்குடச் சவ்வு மேல ஃபைப்ரின் பசை போட்டு ஒட்டுறது, அன்னைக்கே ஒரே ஆபரேஷன்ல முடிஞ்சுது. லேப் கிடையாது, அடையாளம் பார்க்கிற மார்க்கர் கிடையாது. 2016ல 125 பேரோட ரிசல்ட் வந்துச்சு, அதுல 60 பேர் குழந்தைங்க, 76 சதவீதம் வெற்றி. இத்தாலி லேப்ல அவ்வளவு பாடுபட்டு வந்தது 76.6. அப்புறம் எதுக்கு காத்திருக்கச் சொல்றீங்க? கன்னைப் பிடுங்குறப்ப வேரடி மண்ணோட பேத்தா பிழைக்கும், உதறிட்டு வச்சா வாடும். ஸ்டெம் செல்லும் அது குடியிருந்த இடத்தோட வந்தாதான் நிம்மதியா இருக்கும்.

செல்வளர்ப்பு:
நாகு சார், 76ங்கிறீங்க, மீதி 24 சதவீதம் பேரோட கண்ணு ஏன் தோத்துச்சு? அவங்க துணுக்குல அசல் செல் எத்தனை இருந்துச்சுன்னு யாராலயாவது சொல்ல முடியுமா? எண்ணாம ஒட்டினா தோத்ததோட காரணமே தெரியாது, அடுத்த ஆளுக்கும் அதே தப்பை செய்வோம்.

தியேட்டர்_நாகு:
காரணம் தெரியும் சார், அதே 2016 பேப்பர்லயே இருக்கு. ஆசிட் பட்ட கண்ணு, இமை உள்ள ஒட்டிக்கிட்ட கண்ணு, கூடவே கருவிழி மாத்தினது, ஆபரேஷனுக்கு அப்புறம் துணுக்கு உதிர்ந்து போனது, இதுங்கதான் தோத்துச்சு. செல் எண்ணிக்கையை விட கண்ணு இருக்கிற நிலைமைதான் பெருசு.
வெற்றிலைக்கொடி தம்பி, ரெண்டு விஷயம் குறிச்சுக்கோங்க: ஒண்ணு, உங்க தம்பிக்கு இமை ஒட்டியிருக்கான்னு கேளுங்க. ரெண்டாவது, இதோட சேர்த்தே கருவிழியும் மாத்திடலாம்னு யாராவது சொன்னா, முதல்ல மேல்தோல் நிக்கட்டும் அப்புறம் பார்க்கலாமான்னு கேளுங்க.

வெற்றிலைக்கொடி:
ரொம்ப நன்றிண்ணே. ஆனா பாஸ்டன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே.

செல்வளர்ப்பு:
சொல்றேன். பி63 செல்லோட உட்கருவுக்குள்ள இருக்கிற புரதம். அதுக்கு சாயம் ஏத்தணும்னா செல்லைக் கொன்னுதான் ஆகணும். ஒரு சாம்பிளைக் கொன்னு பார்த்து மீதில எவ்வளவு இருக்கும்னு கணிக்கலாமே தவிர, உயிரோட ஒரு செல்லைக்கூட அதால தனியா எடுக்க முடியாது. ஏபிசிபி5 செல்லோட வெளிச்சவ்வுல இருக்கு. அதுல மட்டும் போய் ஒட்டுற ஆன்டிபாடிங்கிற புரதத்தை விட்டா பிடிச்சுக்கும், செல்லை உயிரோட பிரிச்சு எடுத்துடலாம். இறந்தவங்க தானம் கொடுத்த கண்ணுல இருந்து அப்படி பிரிச்சு எலிக்கு வச்சாங்க, ஏபிசிபி5 இருந்த செல்தான் கருவிழியைத் திரும்பக் கொண்டுவந்துச்சு, இல்லாத செல்லால முடியல, ஒரு வருஷத்துக்கு மேல பார்த்தும் நின்னுச்சு. இதுக்கு முன்னாடி 1971ல இருந்து லிம்பஸ்லதான் இருக்குன்னு சந்தேகம், 1989ல மெதுவா பெருகுற செல் அங்கதான் இருக்குன்னு காட்டினாங்க, ஆனா கையில பிடிக்க கொக்கி இல்ல. நாற்பது வருஷத்துக்கு மேல தேடின கொக்கி இது, சும்மா பேப்பர் விஷயம்னு தள்ளிடாதீங்க.

தியேட்டர்_நாகு:
தள்ளல சார், நானும் அதைப் படிச்சு சந்தோஷப்பட்டவன்தான். ஆனா அந்த எலிக்கு நோய் எதிர்ப்பு சக்தியே கிடையாது, அதனால மனுஷ செல்லை ஏத்துக்கிச்சு. இந்தத் தம்பிக்கு அடுத்தவங்க செல்லை வச்சா, எவ்வளவு சுத்தமா பிரிச்சிருந்தாலும் உடம்பு எதிர்க்கும், எதிர்ப்பை அடக்குற மாத்திரை மாசக்கணக்குல சாப்பிடணும், 19 வயசுப் பையனுக்கு அது தேவையா? அதோட அந்த ஏபிசிபி5 மெலனோமா புற்றுநோய் செல்லுலயும் இருக்கு, அதனால அது கண்ணு ஸ்டெம் செல்லுக்கு மட்டுமான முத்திரை இல்ல. 2025ல அதே பாஸ்டன்ல 14 பேருக்கு கருவிழி ஸ்டெம் செல் வச்சதோட ரிசல்ட் வந்துச்சு, அவங்களும் நோயாளியோட நல்ல கண்ணுல இருந்துதான் எடுத்து வளர்த்து வச்சாங்க! பாஸ்டன்காரங்களே நல்ல கண்ணைத் தொடுறப்ப இவர் மட்டும் ஏன் தள்ளிப்போடணும்?

நெல்லை_வாசகி:
குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்கப்பாவுக்கு ஒரு மாத்திரை ஒத்துக்காம ஸ்டீவன்ஸ் ஜான்சன்ங்கிற நோய் வந்து ரெண்டு கண்ணும் போச்சு. நீங்க எல்லாரும் நல்ல கண்ணு நல்ல கண்ணுன்னு பேசுறீங்க. எங்களுக்கு நல்ல கண்ணே இல்லையே.

செல்வளர்ப்பு:
அக்கா, நான் இவ்வளவு நேரம் சண்டை போட்டதே உங்கப்பா மாதிரி ஆளுங்களுக்காகத்தான். ரெண்டு கண்ணும் போனவங்களுக்கு செல் வெளியில இருந்துதான் வரணும். ஜப்பான்ல சொந்தக் கன்னத்துக்குள்ள இருந்து தோல் எடுத்து வளர்த்து வைக்கிறாங்க, எதிர்ப்பு வராது, ஆனா ரத்தக்குழாய் கொஞ்சம் ஏறும். ஒசாகால டாக்டர் நிஷிதா டீம் ஐபிஎஸ் செல்லுல இருந்து, அதாவது சாதாரண செல்லை லேப்ல திரும்ப ஸ்டெம் செல்லா மாத்தினதுல இருந்து, கருவிழித் தோலையே தயார் பண்ணி 4 பேருக்கு வச்சு 2024ல ரிசல்ட் சொன்னாங்க, 4 பேருக்கும் முதல்ல பார்வை கூடுச்சு, 3 பேருக்கு அது நிலைச்சது. அங்க அடையாளம் காணாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. கருவிழித் தோலா மாறாத ஐபிஎஸ் செல் ஒண்ணு ரெண்டு கலந்துட்டாக்கூட கட்டி வர்ற ஆபத்து இருக்கு, அதனால வெளிச்சவ்வுல இருக்கிற அடையாளத்தை வச்சு சலிச்சுத்தான் எடுக்கணும். நாகு சார், இங்க வேரடி மண்ணோட பேக்கிறதுக்கு கன்னே கிடையாது.

தியேட்டர்_நாகு:
அதை ஒத்துக்கிறேன். அம்மா, உங்கப்பாவுக்கு நான் சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. ஸ்டீவன்ஸ் ஜான்சன்ல கண்ணீரும் வத்திப் போயிருக்கும், காய்ஞ்ச கண்ணுல எந்த செல்லை வச்சாலும் பிழைக்கிறது கஷ்டம். முதல்ல ஈரம், இமை ஓரம், உள்ள திரும்பின இமைமுடி இதையெல்லாம் சரி பண்ற டாக்டரைப் பாருங்க. ஸ்டெம் செல் ஊசி போட்டு ஒரே வாரத்துல பார்வைன்னு விளம்பரம் பண்றவங்ககிட்ட தயவுசெஞ்சு போயிடாதீங்க, கண்ணுக்குள்ள ஸ்டெம் செல்னு எதையோ போட்டு இருந்த பார்வையும் போனவங்க இருக்காங்க.

நெல்லை_வாசகி:
இமைமுடி குத்துதுன்னு அப்பா தினமும் சொல்வார், நாங்க அதை பெருசா எடுத்துக்கல. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன் சார்.

செல்வளர்ப்பு:
வெற்றிலைக்கொடி, உங்க விஷயத்துல நாகு சார் சொல்றதுதான் சரி, காத்திருக்க வேண்டாம். ஆனா பொதுவா அடையாளம் தேவையில்லைங்கிறதை நான் ஏத்துக்கல. 2021ல எலியில லிம்பஸுக்குள்ளயே உள்வட்டம் வெளிவட்டம்னு ரெண்டு வகை ஸ்டெம் செல் இருக்கிறதா சொன்னாங்க, ஒண்ணு தினசரி பராமரிப்புக்கு, இன்னொண்ணு அமைதியா இருந்து காயம் பட்டா எழும்புது. மனுஷங்களுக்கும் அப்படின்னா எந்த இடத்துல துணுக்கு வெட்டணும்ங்கிறதே மாறலாம். அப்ப இந்தக் கணக்கு தியேட்டருக்குள்ளயே வந்துடும்.

தியேட்டர்_நாகு:
வரட்டும் சார், வந்தா முதல்ல நானே எடுத்து வைப்பேன். அதுவரைக்கும் 2 மில்லிமீட்டர்தான்.

வெற்றிலைக்கொடி:
டாக்டரைப் பார்த்தாச்சு. இமை லேசாத்தான் ஒட்டியிருக்காம், எஸ்எல்ஈடியோடயே அதையும் விடுவிச்சுடலாம்னார், கருவிழி இப்ப வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். அம்மாகிட்ட தம்பியோட ஸ்கேலை எடுத்து 2 மில்லிமீட்டர் எவ்வளவுன்னு காட்டினேன். அவ்வளவுதானான்னு ரெண்டு தடவை கேட்டாங்க, அப்புறம் கையெழுத்து எங்க போடணும்னாங்க.